எத்தனை முடிச்சீங்க?

கேள்வி: ஆப்ல செக் பண்ணிப் பாத்தேன், நிமிஷத்துக்கு 110 வார்த்தைதான் படிக்கிறேன். ஒரு நாவல் முடிக்க ரெண்டு மாசம் ஆகுது, ஃப்ரெண்ட்ஸ் ரெண்டே நாள்ல முடிச்சுடறாங்க. வேகத்தைக் கூட்டினா இன்னும் நல்லா ரசிக்கலாமா? (வாசகி, ஏற்காடு)

பதில்: இத்தனூண்டு கேள்வியில ரெண்டு எடத்துல 'முடிக்க', 'முடிச்சு'ன்னு வந்திருக்கும்மா, அதான் எனக்கு உறுத்துது. கடனை முடிக்கலாம், வழக்கை முடிக்கலாம், நாவலை எதுக்கு முடிக்கணும்?

எங்க அம்மாப்பேட்டையில முடிச்சுன்னா வேற. நெசவுல நீளவாக்குல ஓடுற பாவு இழை அறுந்தா எங்க பெரியப்பா தறியை நிறுத்திட்டு, ரெண்டு முனையையும் தேடிப் பிடிச்சு, எச்சில் தொட்டு முறுக்கி முடிச்சுப் போட்டு, அந்த எடத்தை நகத்தால ஒருதடவை தடவிப் பாப்பார், தட்டுப்படலைன்னாதான் கால் மறுபடி மிதிக்குப் போகும். படிக்கிறதும் அப்படியேதான், ஒரு வரி புடிச்சுப்போச்சுன்னா நின்னு, திரும்ப வாய்விட்டுப் படிப்பார். 'பொன்னியின் செல்வன்' கல்கியில வாராவாரம் வந்தது 1950லேர்ந்து 1954 வரைக்கும். தறிக்குழியில உக்காந்து ஒருத்தர் படிக்க மத்தவங்க கேப்பாங்களாம், அடுத்த இதழ் வர்ற வரைக்கும் வந்தியத்தேவன் பேச்சுதானாம். அவங்களுக்கு மூணு வருஷத்துக்கு மேல ஆச்சு, நீங்க ரெண்டு மாசத்துக்குக் கலங்குறீங்க!

அந்த 110ஐ முதல்ல மறந்துடுங்க. 2019ல மார்க் பிரிஸ்பேர்ட்னு பெல்ஜியம்காரர் ஒருத்தர் 190 ஆய்வுகளைத் தொகுத்துப் பாத்து, கதைன்னா நிமிஷத்துக்கு சராசரி 260 வார்த்தைன்னு சொன்னார், ஆனா அது இங்கிலீஷுக்கு. 'போயிருந்திருக்கலாமோன்னு' நமக்கு ஒரே வார்த்தை, அதையே இங்கிலீஷ்ல சொல்ல அஞ்சாறு வார்த்தை வேணும், இதையும் அதையும் ஒரே தராசுல வெச்சா என்ன நியாயம்?

ஜனவரி பொறந்தா '100 புக் படிச்சேன்'னு பட்டியல் போடுறவங்களோட இந்தப் பக்கத்துல பலதடவை சண்டை போட்டிருக்கேன், இனியும் போடுவேன். ஸ்பீட் ரீடிங் வகுப்புல முதல்ல விடச் சொல்றதே மனசுக்குள்ள உச்சரிக்கிறதைத்தான். அதை விட்டுட்டு கொங்கு வழக்குல எழுதின நாவலை எப்படிப் படிப்பீங்க, அந்த ஆத்தா 'ஏஞ்சாமி'ன்னு இழுக்கிற இழுப்பு காதுல விழலைன்னா கதைச்சுருக்கம்தான் மிஞ்சும். துப்பறியும் கதையை ஒரே ராத்திரியில படிங்க, அதுக்கு வேகம்தான் ருசி, நானும் அப்படித்தான் படிக்கிறேன்.

ஒண்ணு மட்டும் கவனிங்க. நடுவுல பத்து நாள் மூடி வெச்சு, பேரெல்லாம் மறந்து, யாரு யாருக்கு மாமன்னு பின்னாடி புரட்டுறீங்கன்னா கோளாறு வேகத்துல இல்ல, இடைவெளியிலதான். தெனமும் அரைமணி நேரம் ஒதுக்குங்க, போதும்.

எந்த நாவல்னே எழுதலையே, எழுதுங்க. ஆமா, உங்க ஊர்ல காபிப் பழம் முன்ன மாதிரி செவந்ததை மட்டும் பறிச்சு, பச்சையை விட்டு, அதே செடிக்குத் திரும்பத் திரும்ப வர்றாங்களா, இல்ல ஆள் கெடைக்கலைன்னு ஒரே உருவா உருவிடறாங்களா? எங்க தெருக்கடைக் காபியில இந்த வருஷம் பச்சை வாடை அடிக்குதும்மா.