காத்தாடி கரண்ட்டுல சிமெண்ட் செஞ்சா கார்பன் போயிடுமா?

கேள்வி: ஆரல்வாய்மொழில இவ்வளவு காத்தாடி சுத்துதுல்லா, அந்தக் கரண்ட்ட குடுத்து சிமெண்ட் ஆலைய ஓட்டுனா கார்பன் பிரச்சனையே தீந்துடும்னு டீக்கடைல ஒருத்தர் அடிச்சு சொல்றாரு, சரியா அண்ணாச்சி?
- ஒரு வாசகர், தோவாளை

பதில்: பாதிகூட சரியில்ல தம்பி. 50 கிலோ மூட ஒண்ணுக்கு ஆகுற கரண்ட் சுமாரா 4 யூனிட்டுதான், ஏசி ஒரு ராத்திரி ஓடுற செலவு, அதுலயும் கல்ல உடைக்கவும், சூளைல கல்ல சுட்டு வர்ற கிளிங்கர்ங்கிற கட்டிய அரைக்கவுமே பெரும்பங்கு போயிடும். காத்தாடி கரண்ட் குடுத்தா இந்த 4 யூனிட்டுதான் சுத்தமாகும். சூளைக்குள்ள 1,450 டிகிரி சூடு வேணும், அதுக்கு நிலக்கரியும், பெட்ரோலியத்துல மிஞ்சுற பெட்கோக்ங்கிற கரியும் எரிக்காங்க, அது தனிக்கணக்கு.

ஆனா அத விட பெரிய கணக்கு கல்லுக்குள்ளயே இருக்கு. நம்ம பக்கம் வெத்திலைக்கு சிப்பி சுட்டு சுண்ணாம்பு எடுப்பாங்கல்லா, சுட்ட சிப்பிய கைல எடுத்துப் பாத்திருக்கீங்களா, அப்பளம் மாதிரி லேசா இருக்கும். கொறஞ்ச எடை எங்க போச்சு? கார்பன் டை ஆக்சைடா காத்துல போச்சு. சுத்தமான சுண்ணாம்புக்கல்லு 100 கிலோ சுட்டா மிச்சம் 56 கிலோதான், 44 கிலோ பறந்துரும். சிமெண்ட் சூளையிலயும் இதேதான் நடக்கு, தீயே இல்லாம மந்திரத்துல சூடு பண்ணுனாலும் அந்த 44 வெளிய வந்தே தீரும். ஆலைல இருந்து வர்ற மொத்த கார்பன்ல பாதிக்கும் மேல இப்படி கல்லுல இருந்து வர்றதுதான். உலகத்துல மனுசன் விடுற கார்பன்ல சிமெண்ட் பங்கு 7, 8 சதவீதம்னு சொல்றது சும்மா இல்ல.

கேள்வி: வீட்டுக்கு வார்ப்பு போடப் போறோம். கொத்தனார் சாம்பல் கலந்த சிமெண்ட் வேண்டாம், அது கலப்படம்ங்காரு. என்ன செய்ய?
- ஒரு வாசகி, குளச்சல்

பதில்: கலப்படம் இல்லம்மா, அது பிபிசி, போர்ட்லண்ட் பொசோலானா சிமெண்ட்னு ஒரு வகை. அனல்மின் நிலையத்து சாம்பல 15ல இருந்து 35 சதவீதம் வரை சேக்கலாம்னு ஐஎஸ் 1489ங்கிற இந்தியத் தரவிதிலயே இருக்கு. சூளைல சுட்ட கிளிங்கர் எவ்வளவு கொறையுதோ அவ்வளவு கார்பன் கொறையும். ஓபிசி, அதாவது சாம்பல் சேக்காத சாதா சிமெண்ட், மூட ஒண்ணுக்கு சுமாரா 40 கிலோ கார்பன் டை ஆக்சைடு வருதுன்னா, சாம்பல் 30 சதவீதம் சேத்த மூடைக்கு 30 கிலோகிட்ட நிக்கும். குளச்சல் உப்புக்காத்துக்கு இதுதான் நல்லதும்கூட, கான்கிரீட் நெருக்கமா இருக்கும், உப்பு உள்ள எறங்கி கம்பி துருப்பிடிக்கிறது தள்ளிப்போகும்.

ஆனா ஒண்ணு, பிபிசி மெதுவாத்தான் பலம் பிடிக்கும். ஓபிசிக்கு கொறஞ்சது 7 நாள் நனைக்கணும்னா இதுக்கு 10 நாள், வெயில் காஞ்சா 14. நானே எங்க மாடி வார்ப்புக்கு 4 நாள் தண்ணி ஊத்திட்டு கல்யாண வீட்டுக்குப் போயிட்டேன், திரும்பி வந்து பாத்தா மேல கோழி கிளறுன மாதிரி வெடிப்பு, பழிய சிமெண்ட் மேல போட்டுட்டு திரிஞ்சேன்! கொத்தனாருக்கும் சாம்பல் மேல இருக்க கோவம் இப்படி வந்ததாத்தான் இருக்கும். செண்ட்ரிங்க சீக்கிரம் பிரிக்கவும் விட்டுடாதீங்க.

இதுக்கும் மேல எல்சி3ன்னு ஒரு சிமெண்ட் இருக்கு, களிமண்ண 800 டிகிரிகிட்ட சுட்டு அரைச்ச சுண்ணாம்புக்கல்லோட சேக்காங்க, கிளிங்கர் பாதிதான். 2023ல ஐஎஸ் 18189ன்னு தரமும் வந்தாச்சு. கடைல கெடைச்சா கேட்டுப் பாருங்க.

கேள்வி: அப்போ பத்மநாபபுரம் அரண்மனை மாதிரி சுண்ணாம்புலயே கட்டிட்டா?
- ஒரு வாசகர், தக்கலை

பதில்: சுண்ணாம்பும் அதே கல்லு சுட்டு வர்றதுதான அண்ணே. காய காய காத்துல இருந்து கொஞ்சம் கார்பன திரும்ப இழுத்துக்கிடும், அந்த வகைல நல்லது. செவுத்துப் பூச்சுக்கு தாராளமா போடுங்க, கம்பி வச்ச வார்ப்புக்கு சரிப்படாது.