லினக்ஸ் கணினியிலிருந்து அலுவலகத்தின் விண்டோஸ் திரையைத் திறந்து வேலை செய்ய எந்த மென்பொருள் நல்லது?

ரெம்மினா போதும், இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால், நீங்கள் திறக்கப்போகும் கணினியின் முன்னால் அந்த நேரத்தில் யாராவது உட்கார்ந்திருப்பார்களா என்பதைக் கேள்வியில் நீங்கள் சொல்லவில்லை. வீட்டில் உபுண்டு என்ற லினக்ஸ், அலுவலகத்தில் டேலி என்ற கணக்கு மென்பொருள், மாதம் பிறந்தால் ஜிஎஸ்டி என்று என்னைப் போன்ற நிலையில்தான் நீங்களும் இருப்பீர்கள் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன்.

நான் வசிப்பது தருமபுரியில். கணக்கு எழுதுவது கிருஷ்ணகிரிப் பக்கம் உள்ள ஒரு மாங்கூழ் ஆலையில். பெங்களூரா மாங்காய் வந்து குவியும் மே முதல் ஜூலை வரை எடைச்சீட்டுகளே நாளை விழுங்கிவிடும். விற்பனை விவரத்தைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்துக்குரிய 11ஆம் தேதி நெருங்கும்போது, இரவில் வீட்டிலிருந்தே டேலியைத் திறக்க முடிந்தால் காவேரிப்பட்டணம் வழியாகப் பேருந்தில் போய்வரும் அலைச்சல் மிச்சமாகும் என்று கணக்குப் போட்டேன்.

முதல் தடை ஆலை வாங்கியிருந்த கணினியிலேயே இருந்தது. அது விண்டோஸ் ஹோம் பதிப்பு. ஹோம் பதிப்பிலிருந்து பிற கணினிகளுக்குள் நுழையலாம், ஆனால் அதற்குள் ஆர்டிபி என்ற மைக்ரோசாஃப்டின் தொலைத்திரை முறை வழியாக மற்றவர் நுழைய முடியாது; அதற்கு புரோ பதிப்பு வேண்டும். இதைச் சொல்லாமல் விற்ற கடைக்காரர், ரெம்மினா இணையவில்லை என்றதும், "நீங்க லினக்ஸ் வெச்சிருக்கீங்க, அதான் வரல" என்று பழியை என் மடிக்கணினி மேல் போட்டுவிட்டார். எந்த இயங்குதளத்துக்கும் நான் கொடி பிடிப்பவன் அல்லன்; ஆயினும் இரண்டு வாரங்கள் என் பக்கத்திலேயே தவறைத் தேடிக்கொண்டிருந்த எரிச்சல் இன்னும் தீரவில்லை.

புரோ பதிப்புக்கு மாறிய பிறகு, அதே கடைக்காரர் சொன்னபடி ரௌட்டரில் ஆர்டிபியின் நுழைவாசலான 3389ஆம் போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிட்டோம். இணைப்பு உடனே கிடைத்தது. மூன்றாம் நாள் விண்டோஸின் பாதுகாப்புப் பதிவேட்டைத் திறந்து பார்த்தால், தோல்வியுற்ற நுழைவைக் குறிக்கும் 4625 என்ற எண் பக்கம் பக்கமாக நின்றது. எங்கெங்கோ இருந்து யார் யாரோ கடவுச்சொல்லை ஊகித்துக்கொண்டிருந்தார்கள். 2019இல் புளூகீப் என்ற ஆர்டிபி ஓட்டை வெளிப்பட்டபோது, கைவிடப்பட்டிருந்த பழைய விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட நேர்ந்தது என்பதை நினைத்துக்கொண்டு அன்றே போர்ட்டை மூடினேன். இப்போது வயர்கார்டு என்ற விபிஎன் (இணையத்தின் ஊடே பிறர் படிக்க முடியாத தனிவழி) வழியாக முதலில் ஆலையின் வலையமைப்புக்குள் சென்று, அதன்பின் ரெம்மினாவைத் திறக்கிறேன். 'எனிடெஸ்க் போட்டிருந்தால் ஐந்து நிமிட வேலை' என்று பின்னூட்டம் எழுதப்போகிறவர்களுக்கு: அந்தத் தொலைத்திரை மென்பொருளின் இலவசப் பயன்பாடு சொந்தத் தேவைக்கு மட்டுமே; தொழிலுக்குக் கட்டணம் உண்டு.

இனி, உட்கார்ந்திருக்கும் ஆள் பற்றி. ஒரு சனிக்கிழமை எனக்கு விடுப்பு. ஒரு பதிவைத் திருத்த வேண்டியிருந்ததால் காலை பதினொரு மணிக்கு வீட்டிலிருந்து உள்ளே நுழைந்தேன். அங்கே அதே பயனர் கணக்கில் எங்கள் அலுவலக அக்கா மாங்காய் வரவைப் பதிந்துகொண்டிருந்தார். புரோ பதிப்பில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் அமர்வில், அதாவது உள்நுழைந்து வேலை செய்யும் நிலையில், இருக்கலாம் என்பதால், நான் நுழைந்ததும் அவருடைய திரை பூட்டிக்கொண்டது. அவர் கடவுச்சொல்லைத் தட்டித் திறந்தார். என் இணைப்பு அறுந்தது. இணையம் சரியில்லை என்று நினைத்து நான் மறுபடி நுழைந்தேன்; அவருக்கு மறுபடி பூட்டு. கால் மணி நேரம் இருவரும் அறியாமலே ஒருவரையொருவர் வெளியே தள்ளிக்கொண்டிருந்தோம். கடைசியில் அவரே தொலைபேசியில் அழைத்து, "தம்பி, சிஸ்டத்துல ஏதோ வைரஸ் பூந்துடுச்சு, தானா லாக் ஆவுது, வயரைப் புடுங்கிடட்டுமா?" என்று கேட்டபோதுதான் எனக்கு விளங்கியது. அந்த வைரஸ் நான்தான் என்று சொல்ல ஒரு நிமிடம் ஆயிற்று.

ஆர்டிபி உங்களுக்கு அந்தக் கணினியின் அமர்வையே எடுத்துத் தருகிறது. விஎன்சி என்ற இன்னொரு தொலைத்திரை முறை அப்படியன்று, அங்கிருக்கும் திரையின் படத்தை அனுப்புவதால் இருவரும் ஒரே திரையைப் பார்க்கலாம், ஒரே சுட்டியை நகர்த்தலாம். வேகம் எனக்குக் குறைவாகவே கிடைத்தது. அதன் பழைய கடவுச்சொல் முறை எட்டு எழுத்துகளுக்கு மேல் பொருட்படுத்தாது. ஆகவே அதையும் விபிஎன்னுக்கு உள்ளேதான் வைத்திருக்கிறேன். ரெம்மினா இரண்டையும் பேசும். பகலில் விஎன்சி, ஆள் இல்லாத இரவில் ஆர்டிபி என்று வைத்துக்கொண்ட பிறகு அக்காவுக்கும் எனக்கும் சண்டை இல்லை.

தமிழில் தட்டச்சு செய்வீர்களானால், உபுண்டுப் பக்கம் ஆங்கில விசைப்பலகையை வைத்துவிட்டு, தமிழ்99 விசைப்பலகையை விண்டோஸ் பக்கம் மட்டும் இயக்குங்கள். இரு பக்கமும் தமிழ் வைத்து நான் அடித்த முதல் சொல்லை எந்த மொழியிலும் படிக்க இயலவில்லை.

இவ்வளவும் செய்து முடித்த முதல் இரவு ஒன்றுமே திறக்கவில்லை. கணினி உறக்க நிலைக்குப் போகாதபடி அமைத்திருந்தேன், விபிஎன்னையும் சோதித்திருந்தேன். ஆனால் எங்கள் காவலாளி அண்ணன் இரவு எட்டு மணிக்கு அலுவலக அறையின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் கதவைப் பூட்டுவார் என்பது எனக்குத் தெரியாது. மறுநாள் சுவிட்சின் மேல் ஒரு தாளை ஒட்டினேன். மின்சாரம் வந்ததும் கணினி தானே எழும்படி பயாஸ் என்ற தொடக்க அமைப்பிலும் மாற்றிவைத்தேன்.