பல்வேறு உள்ளலங்காரப் பாணிகளிலிருந்து நம் வீட்டிற்கான யோசனைகளை எடுப்பது எப்படி?

எத்தனையோ பாணிகளின் படங்களைப் பார்த்தும் எதைப் பின்பற்றுவது என்று தெரியவில்லை எனக் கேட்டிருக்கிறீர்கள். ஒரு பாணியின் தோற்றத்தை அப்படியே நகலெடுப்பதைவிட, அது எந்தத் தேவையிலிருந்து பிறந்தது என்று பார்ப்பதே பயன் தரும் என்பது என் கருத்து. ஸ்காண்டிநேவிய வீடுகளின் வெளிர்நிறச் சுவர்கள், நீண்ட குளிர்காலத்தில் கிடைக்கும் சொற்ப வெளிச்சத்தை அறை முழுவதும் பரப்ப உதவுகின்றன. ஆகவே இருண்ட அறைக்கு அவை பொருந்தும், வெயில் கொட்டும் அறையிலோ அதே வெண்மை கண்ணைக் கூசச் செய்யும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஜப்பானிய வீடுகளின் தொகொனோமா. விருந்தினர் அறையில் சற்றே உயர்ந்த தளத்துடன் அமைந்த அந்தச் சிறு மாடத்தில், தொங்கும் ஓவியச் சுருள் ஒன்றும், குவளையில் ஓரிரு மலர்க்கிளைகளும் மட்டுமே இருக்கும். பருவம் மாறும்போது அவையும் மாறும். சுற்றிலும் வெறுமை இருப்பதால்தான் பார்வை அங்கே நிலைக்கிறது. ஓர் அலமாரித் தட்டைக்கூட இவ்வாறு ஒதுக்கிப் பார்க்கலாம்.

1919-இல் ஜெர்மனியின் வைமர் நகரில் வால்டர் குரோப்பியஸ் நிறுவிய பௌஹவுஸ் என்ற கலை, வடிவமைப்புப் பள்ளியிடமிருந்து, பயன்பாட்டுக்கேற்ற எளிய வடிவங்களைத் தேர்ந்தெடுக்கக் கற்கலாம். 1925-ஆம் ஆண்டின் பாரிஸ் கண்காட்சியால் பெயர் பெற்ற ஆர்ட் டெகோ என்ற அலங்காரப் பாணியின் பளபளப்புக்கு ஒரு விளக்கோ கண்ணாடியோ போதும்.

பிடித்த படங்களைச் சேர்த்தபின், அவற்றில் திரும்பத் திரும்ப வரும் நிறம், மரம், துணி ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். வண்ணத்தை முடிவு செய்யுமுன் சுவரில் சிறிதளவு பூசி, காலை வெளிச்சத்திலும் இரவு விளக்கொளியிலும் பாருங்கள்.