உமிழ்வைக் குறைக்க வரியா, மானியமா, கட்டாயத் தரமா: அரசு எதை எடுக்க வேண்டும்?

உமிழ்வுக் குறைப்புக் கொள்கை என்பது, கரியமில வாயு குறைவாக வெளியேறும்படி மக்களின் முடிவுகளை மாற்ற அரசு செய்யும் ஏற்பாடு. வாய்க்கால் உடைந்த இடத்தில்தானே மண் அணைப்போம்? அதுபோல, அந்த முடிவை யார், எதைப் பார்த்து எடுக்கிறார் என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

பல்லடம் பக்கம் ஒரு தோட்டத்துக் கிணற்று மோட்டார் என்று வையுங்கள். 5 ஹெச்.பி., பலமுறை காயில் கட்டியது. திறன் 70 சதவீதத்துக்கு இறங்கியிருந்தால், முழுச் சுமையில் மணிக்கு 5.3 யூனிட் இழுக்கும். 85 சதவீதத் திறனுள்ள புது மோட்டாருக்கு 4.4 யூனிட் போதும். நம் மின்கட்டமைப்பில் யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு. ஆனால் விவசாய மின்சாரம் இலவசம். நிலக்கரிக்கு எவ்வளவு வரி போட்டாலும் தோட்டத்துக்காரருக்கு அது உறைக்கவே உறைக்காது. இங்கே புது மோட்டாருக்கு மானியம்தான் பலன் தரும்.

திருப்பூர் சாயப்பட்டறையில் நிலைமை வேறு. பாய்லர் எரிபொருள் செலவு மாதாமாதம் கணக்கில் நிற்கிறது. வரியால் எரிபொருள் விலை ஏறினால் நீராவிக் கசிவை உடனே அடைப்பார்கள். வாடகை வீட்டிலோ ஃபேன் வாங்குபவர் ஒருவர், பில் கட்டுபவர் இன்னொருவர். அதற்குக் கட்டாய ஸ்டார் தரம்தான், அதாவது மின்சாரச் சிக்கனத்துக்கான நட்சத்திர மதிப்பீடுதான், சரிப்படும்.

கரியமில வாயு வெளியேற்றும் எரிபொருளுக்குப் போடும் கார்பன் வரி கஜானாவை நிரப்பத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் அந்த வசூலில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு மக்களுக்கும் நிறுவனங்களுக்குமே திரும்பப் போகிறது.