குழந்தைக்காகக் காத்திருப்பவர்கள் கேட்டவை: ஆண்களுக்கான பரிசோதனையும் சிகிச்சையும்

ஆண் பக்கக் குழந்தையின்மை பற்றி வந்த கேள்விகளுக்கு யூராலஜி மருத்துவர் ஒருவர் தரும் பதில்கள்.

டாக்டர், கல்யாணமாகி மூன்று வருடம். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கருக்குழாய் எக்ஸ்ரே எல்லாம் எனக்கு எடுத்தாகிவிட்டது. கணவர் மட்டும் வர மாட்டேன் என்கிறார். "தாம்பத்தியத்தில் குறையில்லையே, எனக்கு எதற்கு டெஸ்ட்?" என்கிறார்.

சகோதரி, உங்களுக்கு வலிக்க வலிக்க இத்தனையும் செய்துவிட்டு அவரை விட்டுவைத்தது தவறு. குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கக் காரணமும் இருக்கிறது. தாம்பத்தியம் நன்றாக இருப்பதும் விந்தில் உயிரணு இருப்பதும் வேறு வேறு விஷயங்கள். விந்துத் திரவத்தின் பெரும்பகுதி விந்துப் பையிலும் ப்ராஸ்டேட்டிலும் சுரக்கிறது. அதனால் ஓர் அணுகூட இல்லாத விந்தும் பார்வைக்கு அப்படியேதான் இருக்கும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால்தான் தெரியும். அவருக்குத் தேவை ஒரு கப் மாதிரி, அவ்வளவுதான். ஒரு வருடம் முயன்றும் கரு தங்கவில்லை என்றால், மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே, இருவரும் ஒன்றாகப் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

கவுண்ட் 9 மில்லியன், நார்மல் வடிவம் 3 சதவீதம் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. தூக்கமே வரவில்லை சார்.

முதலில் பயத்தை விடுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட கையேட்டின்படி கீழ் எல்லை இது: ஒரு மில்லிலிட்டருக்கு 16 மில்லியன் அணு, மொத்தம் 39 மில்லியன், அசைவு 42 சதவீதம், நார்மல் வடிவம் 4 சதவீதம். முயற்சி தொடங்கி ஒரு வருடத்துக்குள் அப்பாவானவர்களை அளந்து, அவர்களில் கடைசி 5 சதவீதத்தினர் இருந்த இடத்தைத்தான் எல்லையாக வைத்தார்கள். அதற்குக் கீழே இருந்து தகப்பனானவர்களும் உண்டு.

மாதிரியை எப்படிக் கொடுத்தீர்கள் என்பதும் முக்கியம். 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டிருக்க வேண்டும். முதலில் வரும் துளிகளில்தான் அணுக்கள் அதிகம். அது சிந்தியிருந்தால் லேபில் சொல்லிவிட வேண்டும். வீட்டிலிருந்து எடுத்துப் போனால் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். சாதாரண ஆணுறையில் எடுக்கவே கூடாது. கடந்த இரண்டு மூன்று மாதத்தில் டெங்கு மாதிரி கடும் காய்ச்சல் வந்திருந்தாலும் எண்ணிக்கை இறங்கும், ஏனென்றால் ஓர் அணு உருவாகவே சுமார் 74 நாள் ஆகிறது. ஆகவே சில வாரம் கழித்து இன்னொரு முறை கொடுங்கள். ஒரே ரிப்போர்ட்டை வைத்து யாரும் முடிவு சொல்லக் கூடாது.

ஜிம்மில் உடம்பு ஏற டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டேன். ஆண் ஹார்மோன்தானே, விந்தணுவுக்கும் நல்லதுதானே அண்ணா?

இல்லை தம்பி, நேர் எதிர். வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும், விரைகளை வேலை செய்யச் சொல்லும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோன்களின் சுரப்பை மூளை நிறுத்திவிடும். எண்ணிக்கை பூஜ்யத்துக்கே போகலாம். இதே ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகவே ஆய்வு செய்திருக்கிறார்கள் என்றால் பாருங்கள். பெரும்பாலோருக்கு நிறுத்திய சில மாதங்களில் திரும்பி வரும், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். நீங்களாக மருந்து மாற்றிக்கொள்ளாமல் மருத்துவரைப் பாருங்கள்.

என் ரிப்போர்ட்டில் அணுவே இல்லை, ஜீரோ. எல்லாம் முடிந்துவிட்டதா?

முடியவில்லை. முதலில் மாதிரியைச் சுழற்றி, அடியில் படிவதையும் பார்த்தார்களா என்று கேளுங்கள். ஒன்றிரண்டு அணு கிடைத்தாலும் கதையே மாறும்.

அப்புறம் கேள்வி ஒன்றுதான்: உற்பத்தி இருந்து வழி அடைத்திருக்கிறதா, உற்பத்தியே இல்லையா? கையால் தொட்டுப் பார்த்து விரையின் அளவு, விந்துக்குழாய் இருக்கிறதா என்பதைச் சொல்லலாம். எஃப்.எஸ்.எச். அளவும் சேர்ந்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். விரை நல்ல அளவில், எஃப்.எஸ்.எச். நார்மல் என்றால் அடைப்பாக இருக்க வாய்ப்பு அதிகம்: பழைய கிருமித் தொற்று, காசநோய், குடலிறக்க ஆபரேஷன், அல்லது பிறவியிலேயே குழாய் இல்லாமை. பிறவிக் குறை என்றால் கணவன் மனைவி இருவருக்குமே மரபணுச் சோதனை வேண்டும். அடைப்பைச் சில நேரம் ஆபரேஷனில் சரிசெய்யலாம். இல்லாவிட்டால் ஊசியால் அணுவை எடுத்து இக்ஸி செய்யலாம். ஒரே ஓர் அணுவை நேராகக் கருமுட்டைக்குள் செலுத்தும் இந்த முறையில் கருத்தரித்ததை பிரஸ்ஸல்ஸ் மருத்துவர்கள் 1992-இல் அறிவித்தார்கள். அதுவரை இப்படிப்பட்டவர்களுக்குச் சொல்ல எங்களிடம் அதிகம் இருக்கவில்லை.

விரை சிறுத்து எஃப்.எஸ்.எச். ஏறியிருந்தால் உற்பத்திக் குறைவு. அப்போது குரோமோசோம் சோதனையும் ஒய் குரோமோசோமில் துண்டு விடுபட்டிருக்கிறதா என்ற சோதனையும் அவசியம். அதில் 'ஏ', 'பி' பகுதிகள் முழுதாக இல்லையென்றால் விரையில் அணுவைத் தேடும் ஆபரேஷனால் பயனில்லை; முன்பே தெரிந்தால் வீண் கத்தியும் செலவும் மிச்சம். 'சி' பகுதி மட்டும் என்றால் அணு கிடைக்க வாய்ப்புண்டு, ஆனால் பிறக்கும் ஆண் குழந்தைக்கும் இதே குறை போகும். மற்றவர்களுக்கு, மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபடி விரைக்குள் அணுவைத் தேடி எடுக்கும் மைக்ரோ டீஸி என்ற ஆபரேஷனில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் அணு கிடைக்கிறது. எஃப்.எஸ்.எச்., எல்.எச். இரண்டுமே மிகக் குறைவு என்றால் கோளாறு மூளைப் பக்கம். பலருக்கு ஹார்மோன் ஊசியிலேயே அணு வந்துவிடும்.

ஸ்கேனில் வெரிகோசீல் என்கிறார்கள். ஆபரேஷன் வேண்டுமா?

விரைப் பையில் ரத்த நாளங்கள் புடைத்திருப்பதுதான் வெரிகோசீல். அது கையில் தட்டுப்பட்டு, விந்து ரிப்போர்ட்டும் சரியில்லாமல், மனைவிக்கு வயதும் சாதகமாக இருந்தால் செய்யலாம். பலன் தெரிய 3 முதல் 6 மாதம் ஆகும். ஸ்கேனில் மட்டும் தெரிகிற சின்ன வெரிகோசீலுக்குக் கத்தி வேண்டாம்.

லேகியம், பவுடர், 'கவுண்ட் ஏற்றும்' மாத்திரை?

உறுதியான பலன் இல்லை. சிகரெட்டையும் குடியையும் நிறுத்துங்கள், எடையைக் குறையுங்கள்.

என் மகனுக்கு 22 வயது. புற்றுநோய்க்கு அடுத்த வாரம் கீமோ. இந்த நேரத்தில் இதைக் கேட்கலாமா என்று தெரியவில்லை ஐயா.

கட்டாயம் கேட்க வேண்டும் அம்மா, இன்றைக்கே. கீமோ தொடங்கும் முன் விந்தணுவை உறைய வைத்துச் சேமிக்கலாம். ஓரிரு நாள் வேலைதான், சிகிச்சை தள்ளிப்போகாது. நோயால் கவுண்ட் குறைந்திருந்தாலும் கொடுக்கட்டும், இக்ஸிக்குச் சில அணுக்களே போதும். புற்றுநோய் மருத்துவரிடம் "விந்தணு சேமிக்க எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். மகனிடமும் தனியாகப் பேசச் சொல்லுங்கள். உங்கள் முன்னால் அவர் வாய் திறக்கத் தயங்கலாம்.