கேள்வி-பதில்: காத்து கருப்பு

கேள்வி: "மலைக்காற்றில் கிருமியே அண்டாது" என்று என் மாமனார் அடித்துச் சொல்கிறார். இந்த மார்கழியில் வீட்டில் ஆறு பேருக்கும் சளி, காய்ச்சல். டாக்டரோ ஆன்டிபயாடிக் எழுதித் தர மாட்டேன் என்கிறார். யார் சொல்வது சரி? (வாசகி, வண்டிச்சோலை, குன்னூர்)

பதில்: மாமனாரோடு மல்லுக்கு நிற்காதீர்கள். அவர் கட்சி பெரியது. கீழ்நாட்டுக் காற்றில் காய்ச்சல் இருக்கிறது என்று பயந்துதான் வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊட்டி ஏறினார்கள். மலேரியா என்ற பேருக்கே இத்தாலியில் 'கெட்ட காற்று' என்றுதான் அர்த்தம். நம்ம ஊர் காத்து கருப்புதான், கோட்டு போட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

1897-ல் ரொனால்ட் ராஸ் என்ற வெள்ளைக்கார ராணுவ டாக்டர் லீவில் ஊட்டி வந்தார். மலேரியாவைத் தேடிச் சீகூர் பக்கம் இறங்கினார். மலேரியா அவரைப் பிடித்துக்கொண்டது. அதே வருஷம் ஆகஸ்ட் 20, செகந்திராபாத்தில் அனாபிலிஸ் கொசுவின் வயிற்றுச் சுவரில் கிருமியைப் பார்த்துவிட்டார். காற்றின் மேலிருந்த பழி போயிற்று. மனுஷன் அதோடு விட்டாரா? கையோடு ஒரு கவிதையும் எழுதினார்! 1902-ல் நோபல் கொடுத்தது கொசுவுக்குத்தான், கவிதைக்கு இல்லை. என் மேஜைக்கடியில் 'பனித்துளியே' என்று ஆரம்பிக்கும் கவிதைகள் ஒரு அட்டைப்பெட்டி நிறையக் கிடக்கின்றன. எழுதியவர்களில் ஒருவராவது ஒரு கொசுவை அறுத்துப் பார்த்திருப்பாரா? "ஏன் சார் போடவில்லை" என்று மாதாமாதம் கார்டு போடும் கோத்தகிரி அன்பருக்கும் இதுவே பதில். முதலில் கொசு, அப்புறம் கவிதை.

சளியா? பெரும்பாலும் ரைனோ வைரஸ். உடம்பு அடித்துப்போட்டாற்போல வலித்தால் இன்ஃப்ளுயன்ஸாவாக இருக்கலாம். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவுக்கான மருந்து, வைரஸ் அதைச் சட்டை செய்யாது. டாக்டர் சொன்னது சரி. மாமனார் புகழும் காற்றும் நல்ல காற்றுதான். நீங்கள் அதை உள்ளே விட்டால்தானே? ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் பழைய துணியை அடைத்து, கரியடுப்பைச் சுற்றி ஆறு பேரும் உட்கார்ந்து, ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் இழுத்தால் வேறென்ன வரும்?

ஒன்று மட்டும். புதர்ப் பக்கம் போய்வந்தவருக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தால், பேப்பரில் 'உண்ணிக் காய்ச்சல்' என்று போடுகிறார்களே, அந்த ஸ்க்ரப் டைபஸாக இருக்கலாம். அது பாக்டீரியா; டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கேட்கும். பூச்சி கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு இருக்கலாம், பலருக்கு அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ. மாமனாருக்கென்றால் உங்கள் வீட்டுக்காரரை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.