வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்

அவிநாசியிலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். பனியன் கம்பெனியில் செக்கிங் மாஸ்டர். மகன் பிளஸ் டூ முடித்திருக்கிறான். கட்-ஆஃப் 200-க்கு 118. பெங்களூருவில் ஐ.டி. வேலையில் இருக்கும் மச்சினர், ஒரு தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் ‘ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ்’ சேர்த்துவிடச் சொல்கிறாராம். விடுதியோடு சேர்த்து 8 லட்சம் கல்விக் கடன், வீட்டுப் பத்திரத்தின் மேல். “பையன் வாயே திறக்க மாட்டேங்கிறான். நாள் பூரா பக்கத்து நிட்டிங் யூனிட்ல ஃபிட்டர்கூடவே கிடக்கிறான். தூக்கமே வரலைங்க” என்று முடித்திருக்கிறார்.

ஐயா, 118 எடுத்ததால் யார் வாழ்க்கையும் முடிந்துவிடாது. ஆறுதல் இதோடு போதும், கணக்குக்கு வருவோம்.

8 லட்சம், 10.5 சதவீத வட்டி, ஏழு வருடத் தவணை என்று வைத்தால் மாதம் சுமார் 13,500 ரூபாய். கட்டி முடிக்கும்போது 11.3 லட்சத்தைத் தாண்டியிருக்கும். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி இதில் சேரவில்லை. கல்விக் கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால்தான் வங்கிகள் வழக்கமாகச் சொத்து ஈடு கேட்கும். கடைசி ஐம்பதாயிரத்துக்காக வீட்டையே எழுதிக் கொடுக்கப் பார்க்கிறீர்கள். சரி, 7.5-க்குள் நிறுத்திக்கொண்டால்? வீடு தப்பும், தவணை தப்பாது.

மச்சினர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் தவணை கட்டப்போவது அவர் இல்லை. நீங்கள் அனுப்பிய மதிப்பெண் பட்டியலில் கணினி அறிவியலில் பையன் தட்டுத்தடுமாறித்தான் தேறியிருக்கிறான். இயற்பியல் செய்முறையில் முழு மதிப்பெண். கோடிங்கில் துளியும் நாட்டமில்லாத பையனை அந்த வகுப்பில் உட்கார வைத்தால், நான்காம் வருடம் கையில் இருப்பது அரியரும் கடனும்தான். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பி.காம்., பி.சி.ஏ. பற்றிச் சொல்ல உங்கள் தெருவிலேயே பத்துப் பேர் இருப்பார்கள். யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்: இன்ஸ்ட்ருமென்டேஷன் அண்ட் கன்ட்ரோல் டிப்ளமோ. எளிதாகச் சொன்னால், ஆலையில் வெப்பம், அழுத்தம், அளவு, வேகம் எல்லாவற்றையும் அளக்கும் சென்சார்களையும், அவற்றை நம்பி இயந்திரத்தை ஓட்டும் கன்ட்ரோலரையும் பற்றிய படிப்பு.

உங்களுக்கு இது புதிதில்லை. வட்டப் பின்னல் இயந்திரத்தில் நூல் அறுந்தால் விளக்கு எரிந்து மெஷின் தானே நிற்கிறதே, அது சென்சார் வேலை. ஓடும் நூல் ஒரு சின்னக் கம்பியைத் தாங்கிக்கொண்டிருக்கும். நூல் போனால் கம்பி சாய்ந்து மின்தொடர்பை மாற்றும். ஊசி உடைந்தால் கண்டுபிடிக்கும் கருவி தனியாக உண்டு. அது சரியாக இல்லாத நாளில்தான் உங்கள் செக்கிங் டேபிளில் ஊசிக்கோடு விழுந்த துணி மலைபோல் வந்து குவிகிறது.

சாயப்பட்டறைக்குப் போங்கள். பருத்திக்கு ரியாக்டிவ் சாயம் பெரும்பாலும் 60 டிகிரியில் ஏறும், பாலியஸ்டருக்கு 130 டிகிரி வேண்டும். வெப்பம் ஏறும் வேகம் தப்பினால் துணியில் திட்டுத் திட்டாக நிறம் நிற்கும். அந்த வெப்பத்தை அளப்பது பெரும்பாலும் பி.டி.100 என்ற பிளாட்டினச் சென்சார். 0 டிகிரியில் அதன் மின்தடை 100 ஓம், 100 டிகிரியில் 138.5 ஓம். ஒரு டிகிரிக்கு 0.4 ஓம்கூட வராது. அதனால் இரண்டு வயரில் இழுத்தால் வயரின் தடை ஒரு ஓம் கூடினாலே மீட்டர் இரண்டரை டிகிரி அதிகமாகக் காட்டும். மூன்றாவது வயர் ஒன்றைப் போட்டு அந்தப் பிழையைக் கழிப்பார்கள். புதிதாக வந்தவர் மூன்றாவது வயர் எதற்கு என்று வெட்டிவிட்டால் அன்றைக்கு ஷேடு கோவிந்தா.

சென்சாரில் இன்னும் பல வகை உண்டு. இரும்பைத் தொடாமலே உணரும் இண்டக்டிவ் பிராக்சிமிட்டி சென்சார் சில மில்லிமீட்டர் தூரத்தில்தான் வேலை செய்யும். அதே இடத்தில் அலுமினியத் துண்டு வந்தால் அந்தத் தூரம் பாதிக்கும் கீழே போய்விடும். பிளாஸ்டிக், மாவு, திரவம் என்றால் கெப்பாசிட்டிவ் வகைச் சென்சார். ஒளியால் பார்க்கும் சென்சாருக்குத் தூசியும் பளபளப்பான பரப்பும் எதிரி. அழுத்தத்தை அளந்து சொல்லும் பிரஷர் டிரான்ஸ்மிட்டர் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரை சிக்னல் அனுப்பும். ஏன் பூஜ்யத்தில் தொடங்கவில்லை? பூஜ்யம் வந்தால் அழுத்தம் இல்லையென்று அர்த்தமில்லை, வயர் அறுந்துவிட்டது என்று உடனே தெரிய வேண்டும், அதற்காக. எந்த இடத்தில் எதைப் போடுவது, ஏன் பொய்யாகக் காட்டுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் தொழில். ஃபிட்டர் பின்னால் சுற்றுகிற பையன் இதைத்தான் வேடிக்கை பார்க்கிறான்.

வேலை திருப்பூரோடு முடிவதில்லை. ஸ்ரீபெரும்புதூர், ஓரகடம் கார் ஆலைகள், ஓசூர் தொழிற்சாலைகள், மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, நெய்வேலி அனல்மின் நிலையம் எல்லாம் சென்சாரை நம்பித்தான் ஓடுகின்றன. உங்கள் ஊரிலேயே, 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவுநீரைச் சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் தொழில் என்றாகிவிட்டது. அந்தச் சுத்திகரிப்பு நிலையங்களில் தண்ணீரின் அமில, காரத் தன்மையை அளக்கும் பி.எச். சென்சாரின் கண்ணாடி முனையில் அழுக்குப் படிந்துகொண்டே இருக்கும். கழுவி, தெரிந்த பி.எச். உள்ள கரைசலில் வைத்துச் சரிபார்க்க ஆள் வேண்டும்.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். ஷிஃப்ட் உண்டு, இரவில் ஃபோன் வரும், பாய்லர் பக்கத்தில் வியர்த்து நிற்க வேண்டும். முதல் சம்பளத்தை மச்சினரிடம் சொன்னால் சிரிப்பார். சிரிக்கட்டும்.

பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்தவர்கள் டிப்ளமோ இரண்டாம் வருடத்தில் நேரடியாகச் சேரலாம், இரண்டே வருடம். அரசு பாலிடெக்னிக்கில் கட்டணம் வருடத்துக்குச் சில ஆயிரம், கடனே வேண்டாம். இந்தப் பிரிவு எல்லா இடத்திலும் இருக்காது. கிடைக்காவிட்டால் மெக்கட்ரானிக்ஸ் (இயந்திரவியலும் மின்னணுவியலும் கலந்தது) அல்லது இ.இ.இ. (மின், மின்னணுப் பொறியியல்) எடுத்துக்கொண்டு பி.எல்.சி., அதாவது புரோகிராம் எழுதி இயந்திரத்தை ஓட்டும் கன்ட்ரோலரை, தனியாகக் கற்கலாம். முடித்ததும் சென்னை தரமணியில் உள்ள தொழில் பழகுநர் பயிற்சி வாரியத்தின் வழியாக உதவித்தொகையோடு ஒரு வருடம் ஆலையில் பயிற்சி எடுக்கலாம். அப்புறமும் படிக்கத் தோன்றினால் பி.இ. நேரடி இரண்டாம் ஆண்டு இருக்கிறது.

கல்லூரி பார்க்கப் போகும்போது பையனையும் கூட்டிப்போங்கள், மச்சினரை வேண்டாம். லேபைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பிரஷர் கேஜைச் சரிபார்க்கும் டெட் வெயிட் டெஸ்டர் இருக்கிறதா, பி.எல்.சி. கிட்டுகள் ஓடுகின்றனவா, ஒரு கிட்டுக்கு எத்தனை பேர் என்று பையனே கேட்கட்டும். கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருந்தால் அடுத்த கல்லூரிக்குப் போங்கள். அதுவரை தனியார் கல்லூரிக்கு அட்வான்ஸ் எதுவும் கட்ட வேண்டாம். கட்டியிருந்தால் எழுத்துமூலம் திருப்பிக் கேளுங்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.